எரியாத சவர்க்காரம்

எண்பத்தைந்தாம் ஆண்டின் கடைசியில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஆட்குறைப்பு தொடங்கியபோது, தன் பெயரும் அதில் வரும் என்று பத்மாவதி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடமாக ஒரே மின்னணுத் தொழிற்சாலையில், ஒரே வரிசையில் உட்கார்ந்து, மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்தபடி தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் ஒட்டிக்கொண்டிருந்தவள். அவள் வேலையில் குறை என்று ஒருநாளும் யாரும் சொன்னதில்லை. வெளிநாட்டில் ஆர்டர் குறைந்துவிட்டதாம். காலை இடைவேளைக்கு முன்பே பெயர்களை வாசித்து முடித்துவிட்டார்கள்.

பக்கத்து நாற்காலியில் நோர்மா இருந்தாள். அவள் பெயரை வாசிக்கவில்லை. பத்மாவதி நீல மேலங்கியைக் கழற்றி, மடித்து, மேசை மேல் வைத்துவிட்டு நகரும்வரை நோர்மா மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

இருவரும் பாயான் பாருவில் ஒரே அடுக்குமாடியில், ஒரே மாடியில் குடியிருந்தார்கள். இரண்டு வீடு தள்ளி நோர்மா. பத்மாவதியைவிட ஏழெட்டு வயது இளையவள். அவள் கணவன் இஸ்மாயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் தன் மாமாவின் நாசி கண்டார் சோற்றுக்கடையில் அடுப்படியைப் பார்த்துக்கொண்டான். விடிவதற்கு முன் தொழிற்சாலை பஸ்ஸுக்கு இரண்டு பெண்களும் ஒன்றாகத்தான் இறங்குவார்கள்; பஸ்ஸில் ஒருத்தி தோளில் மற்றவள் தலை சாய்த்துத் தூங்குவாள். பத்மாவதி சுத்த சைவம் என்பதால் நோர்மா தன் சாப்பாட்டு டப்பாவில் ஒரு மூலையை எப்போதும் காய்கறிக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பாள்.

அதெல்லாம் அன்றோடு நின்றது. நோர்மா வீட்டுப் பக்கம் வருவதில்லை. பத்மாவதியின் வாசலைத் தாண்டவேண்டாம் என்று கட்டடத்தின் மறுகோடியிலிருந்த படிக்கட்டில் இறங்கிப் போகத் தொடங்கினாள். ஒருமுறை பாசாரில், தேங்காய் திருகும் கடை முன்னால் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். நோர்மா சட்டென்று திரும்பி, மீன் விற்கும் பக்கம் நடந்துவிட்டாள்.

"வேலை போனது எனக்கு. அவ ஏன் என்னைக் கண்டு ஓடணும்?" என்று பத்மாவதி கணவனிடம் கேட்டாள்.

அப்புத்துரை பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. எதையும் இரண்டு முறை யோசித்துத்தான் சொல்வார். "அவளுக்கு என்ன சங்கடமோ, விடு," என்றார்.

பத்மாவதியால் விட முடியவில்லை. ஒரே மகள் அருந்ததி ஈப்போவில் ஆசிரியர் கல்லூரி விடுதியில் இருந்தாள். அப்புத்துரை வேலைக்குப் போனபின் வீடு அப்படியே நின்றுவிடும். ஆனால் உடம்புக்குப் பழக்கம் போகவில்லை, இருட்டோடு விழித்துக்கொள்வாள். கீழே தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும் சத்தமும், பெண்களின் பேச்சும், கதவு மூடும் சத்தமும் கேட்கும். பிறகு எழுந்து, நேற்றுக் கழுவிய தரையை மறுபடி கழுவுவாள்.

இப்படியே இரண்டு மாதம் போனபின், வட்டாரப் பாலாய் ராயாவில், அந்த ஓட்டுக்கூரை சமூக மண்டபத்தில், பெண்களுக்கு ஏதோ செய்முறை வகுப்பு என்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை போனாள். கேக் செய்யக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்துத்தான் போனாள். அங்கே ஒரு மலாய்க்கார அதிகாரி, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, சவர்க்காரம் செய்துகாட்டிக்கொண்டிருந்தார். பாதிப் பேருக்குச் சிரிப்பு. கடையில் மலிவாகக் கிடைப்பதை யார் கை வலிக்கக் கிண்டுவார்கள்? பின்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

பத்மாவதி முன்வரிசைக்குப் போனாள். நீல எனாமல் பாத்திரத்தில் எண்ணெயும், காஸ்டிக் சோடா கரைத்த காரத் தண்ணீரும் தனித்தனியாகத்தான் சுழன்றன. அதிகாரி பொறுமையாகக் கிண்டிக்கொண்டே இருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரிடத்தில் எண்ணெயின் பளபளப்பு மங்கியது. பிறகு முழுவதும் மங்கி, பால் சேர்த்த கஞ்சிபோல ஆனது. கரண்டியைத் தூக்கி ஒரு கோடு சொட்டியபோது, கோடு அமிழாமல் மேலேயே நின்றது. இனி இது எண்ணெயும் இல்லை, தண்ணீரும் இல்லை என்றார் அதிகாரி.

பத்மாவதி பாத்திரத்தின் மேல் இன்னும் குனிந்தாள். சின்னஞ்சிறு மாற்றங்களைக் கண்கொட்டாமல் பார்ப்பதுதான் பன்னிரண்டு வருடமாக அவள் தொழில். வேலை போனபின் அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் கண்ணுக்கு வேலை கிடைத்தது.

திங்கட்கிழமை காலை இரும்புச் சாமான் கடைக்குப் போனாள். சீனக் கடைக்காரர் காஸ்டிக் சோடாவைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "லோங்காங் அடைச்சுக்கிச்சா?" என்று மலாயில் கேட்டார். கழிவுநீர்க் குழாயில் அடைப்பெடுக்கத்தான் எல்லோரும் அதை வாங்குவார்கள்.

"இல்ல தவுக்கே. சவுக்காரம் செய்ய."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி அவளை ஒரு பார்வை பார்த்தார். "இதுக்குப் பேரு சோடா ஆப்பி. ஆப்பின்னா நெருப்பு. விளையாட்டு இல்ல," என்று சொல்லிப் பொட்டலத்துக்கு மேல் இன்னொரு பை போட்டுக் கொடுத்தார்.

விளையாட்டில்லை என்பது பத்மாவதிக்கும் தெரிந்துதான் இருந்தது. தண்ணீரில்தான் சோடாவைப் போடவேண்டும், சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது என்று வகுப்பில் சொன்னதை மந்திரம்போல மனப்பாடம் செய்திருந்தாள். கையுறை போட்டாள், சன்னல்களைத் திறந்தாள். எந்தப் பாத்திரம் என்பதைத்தான் அவள் யோசிக்கவில்லை. வீட்டிலிருந்த பெரிய அலுமினியச் சட்டியை எடுத்தாள். எத்தனை வருடம் ரசமும் சாம்பாரும் கொதித்த சட்டி, இதைத் தாங்காதா?

தாங்கவில்லை. சோடா விழுந்த கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சீறிப் பொங்கியது. நுரை சட்டியின் விளிம்புவரை ஏறியது. சட்டியின் பளபளப்பான வயிறு அவள் கண்முன்னே கறுத்தது. தொண்டையைப் பிடிக்கிற ஆவி கிளம்பியது. பதறிப்போய்ச் சட்டியைத் தொட்டிக்குள் தள்ளப் பார்த்தாள். தள்ளிய வேகத்தில் ஒரு வீச்சு கையுறைக்கு மேலே முழங்கைப் பக்கம் தெறித்தது.

அவள் அலறிய அலறலில் நடைபாதையில் கதவுகள் திறந்தன. முதலில் உள்ளே ஓடிவந்தது நோர்மா. இரவு ஷிஃப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவள், தலையில் துணிகூட இல்லாமல் வந்திருந்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பத்மாவதியைக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போய், குழாயை முழுக்கத் திறந்து, கையை அதன் அடியில் பிடித்தாள்.

"விடு நோர்மா, போதும்..."

"போதாது! பேசாம நில்லுங்க லா! ஃபேக்டரியில என்ன சொல்லிக் கொடுத்தாங்க? கால் மணி நேரம் தண்ணியில வைக்கணும்னு சொல்லல?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எரிச்சல் மெல்ல மெல்லத் தணிந்தது. அந்த அமைதியில்தான் பத்மாவதி தன் கையை விட்டு, அதைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள். நோர்மாவின் விரல்கள் சிவந்து, வீங்கி, கணுக்கணுவாக வெடித்திருந்தன. உள்ளங்கையில் தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. இரண்டு விரலில் வெடிப்புக்குள் ரத்தம் காய்ந்திருந்தது.

"என்ன இது?"

நோர்மா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். பத்மாவதி விடவில்லை.

"பெயர் வாசிச்ச மறுவாரமே என்னைக் கழுவற செக்‌ஷனுக்கு மாத்திட்டாங்கக்கா," என்றாள் நோர்மா, குழாயைப் பார்த்தபடி. "போர்டெல்லாம் மருந்துத் தொட்டியில முக்கி எடுக்கணும். அங்க நாலு பேர் செஞ்ச வேலை, இப்ப ரெண்டு பேரு."

"இதையா எங்கிட்டச் சொல்லாம ஒளிச்சே?"

"எப்படிக்கா சொல்லுவேன்? உங்களுக்கு வேலையே போச்சு. எனக்கு வேலை இருக்கு. நான் உங்க முன்னால வந்து, கை எரியுதுன்னு சொல்லி அழுவேனா?"

இத்தனை நாள் பத்மாவதி இவளைப்பற்றி மனதுக்குள் என்னென்னவோ பேசியிருந்தாள். ஈரக் கையாலேயே நோர்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பஸ்ஸில் அவள் தூங்குவதுபோலவே அந்தத் தலை அங்கே பொருந்தியது.

மாலையில் அப்புத்துரை வந்து, கறுத்த சட்டியையும் மனைவியின் கைக்கட்டையும் பார்த்தார். சட்டியைத் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்தார். பிறகு, "இது நமக்கு வேண்டாம், பத்மா," என்றார்.

"நோர்மா கையைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கடைச் சவுக்காரம் பட்டா ரத்தம் வருதாம். தண்ணியை மட்டும் ஊத்திக் குளிக்குதாம் அந்தப் பிள்ளை. காரம் கம்மியா, எண்ணெய் தூக்கலா, நான் ஒண்ணு செஞ்சு தர்றேன்."

அடுத்த நாள் அலுவலகம் விட்டு வரும்போது அவர் கையில் ஒரு பெரிய எனாமல் பாத்திரமும், மரக் கரண்டியும், மருந்துக் கடைகளில் வைத்திருப்பதுபோன்ற ஒரு சின்னத் தராசும் இருந்தன. "கண்ணளவுல எதையும் போடாதே. நான் நிறுத்துத் தர்றேன். நான் இல்லாதப்போ அந்தப் பொட்டலத்தைத் தொடக்கூடாது," என்றார். அதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை.

எந்த எண்ணெய் என்பதில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. செய்தி கேட்ட இஸ்மாயில் ஒரு டின் நிறைய எண்ணெயோடு வந்து நின்றான். கடையில் பொரித்து மிஞ்சிய எண்ணெய்.

"தினம் கொட்டத்தான் செய்றோம்கா. நல்லா வடிகட்டிட்டேன்," என்றான்.

பத்மாவதி டின்னைத் திறந்து முகர்ந்தாள். "என்ன பொரிச்சீங்க தம்பி?"

"கோழி, மீனு, கணவா... எல்லாந்தான்."

"இதுல சவுக்காரம் செஞ்சு குளிச்சா, பாயான் பாரு பூனை எல்லாம் உங்க பொண்டாட்டி பின்னாலதான் வரும்."

நோர்மா விழுந்து விழுந்து சிரித்தாள். இஸ்மாயிலும் சிரித்துக்கொண்டே டின்னைத் திரும்ப எடுத்துக்கொண்டான். சிரிப்பு அடங்கியபின் நோர்மா கொஞ்சம் தயங்கினாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. கடைச் சவுக்காரத்துல சிலதுல கொழுப்பு போடுறாங்கன்னு எங்க பக்கம் பேச்சு. எந்தக் கொழுப்புன்னு யாருக்குத் தெரியும்? பன்னியா இருந்தா..."

"எனக்கு மாடா இருந்தாலும் ஆகாது. இத்தனை வருஷம் பேசாம தேய்ச்சுக் குளிச்சிருக்கோம், ரெண்டு பேரும்." பத்மாவதி தேங்காய் எண்ணெய்ப் போத்தலையும் செம்பனை எண்ணெய்ப் போத்தலையும் மேசையில் வைத்தாள். "இது ரெண்டும் மரத்துல காய்ச்சது. உனக்கும் ஆகும், எனக்கும் ஆகும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்மாவதி, அப்புத்துரை, நோர்மா மூவரும் சமையலறையில் கூடினார்கள். அப்புத்துரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தார். காரத் தண்ணீரை ஆறவைத்தார்கள். எண்ணெயில் மெல்லிய தாரையாக ஊற்றி, பத்மாவதி கிண்டத் தொடங்கினாள். கை கடுத்தது. அப்புத்துரை வாங்கிக் கிண்டினார். ஒன்றும் நடக்கவில்லை. எண்ணெய் எண்ணெயாகவே மினுங்கிக்கொண்டிருந்தது.

"இதுவும் போச்சா?" என்றார் அவர்.

"கிண்டுங்க."

மறுபடி அவள் வாங்கினாள். கரண்டி பாத்திரத்தில் உரசிக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்தப் பளபளப்பு ஓரத்தில் மங்குவதை மற்ற இருவருக்கும் முன்னால் அவள் கண்டுவிட்டாள். "வருது! வருது பாருங்க!" என்று கத்தினாள். கரண்டியைத் தூக்கி ஒரு கோடு போட்டாள். கோடு நின்றது.

தாள் விரித்த பலகைப் பெட்டியில் ஊற்றி, பழைய போர்வையால் மூடி வைத்தார்கள். மறுநாள் அது வெண்ணெய்க் கட்டிபோல வெட்ட வந்தது. அன்றைக்கே ஒரு துண்டைத் தேய்த்துப் பார்த்த நோர்மா, "ஆ!" என்று கையை உதறினாள். புதிதாகச் செய்தது எரியத்தான் செய்யும், ஒரு மாதத்துக்குக் குறையாமல் காற்றாடக் காயவேண்டும் என்று வகுப்பில் சொன்னது பத்மாவதிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. துண்டுகளை அலமாரி மேல் அடுக்கி வைத்தாள். தினமும் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, திருப்பி வைப்பாள்.

காய்ந்து வந்த சவர்க்காரம் நன்றாகவே இருந்தது. வெள்ளையாக, கெட்டியாக, மெல்லிய நுரையோடு. அப்புத்துரை குளித்துவிட்டு வந்து, "பரவாயில்லையே," என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு. மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் கேட்டு வாங்கிப்போனார்கள். நோர்மாவுக்கென்று நல்ல துண்டுகளாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தாள் பத்மாவதி.

"எப்படி இருக்கு கை?" என்று சில நாள் கழித்துக் கேட்டாள்.

"நல்லா இருக்குக்கா. எரியவே இல்ல," என்றாள் நோர்மா.

பத்மாவதிக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த தடவை எண்ணெயைக் கொஞ்சம் கூட்டினாள். அதற்கடுத்து, வேப்பிலையைக் காய்ச்சி அந்தத் தண்ணீரில் செய்தாள். ஒவ்வொரு தடவையும் நோர்மா, "இது இன்னும் நல்லா இருக்குக்கா," என்றாள். சொல்லும்போது கை இரண்டும் முக்காட்டின் நுனிக்குள்ளேயே இருந்தன. அதைப் பத்மாவதி கவனிக்கவில்லை. கவனிக்க விரும்பவில்லை என்றும் சொல்லலாம். வேலையிலிருந்து அனுப்பப்பட்ட பெண் என்ற நினைப்பு போய், ஒரு பிணியைத் தீர்த்தவள் என்ற நினைப்பு வந்திருந்தது. அந்த நினைப்பு அவளுக்கு அவ்வளவு தேவைப்பட்டது.

நோன்புப் பெருநாள் வந்தது. நோர்மா வீட்டில் விருந்து. பத்மாவதிக்கும் அப்புத்துரைக்கும் தனிப் பாத்திரத்தில் காய்கறி பிரியாணியும் கத்தரிக்காய்ப் பச்சடியும் செய்து வைத்திருந்தாள். எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்து, கை கழுவி, சாப்பிடத் தொடங்கினார்கள். பத்மாவதி முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

நோர்மா கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பெருநாள் அன்று, சொந்த வீட்டில், பிரியாணியைக் கரண்டியால். உப்பும் காரமும் படக்கூடாத கை. விருந்தினர் போனபின் பத்மாவதி நோர்மாவை அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போய், "காட்டு," என்றாள்.

கை முன்பைவிட மோசமாக இருந்தது. வெடிப்பு மணிக்கட்டுவரை ஏறியிருந்தது.

"எதுக்குப் பொய் சொன்னே?"

நோர்மாவின் கண் நிறைந்தது. "நீங்க அவ்வளவு சந்தோஷமா கொண்டுவந்து குடுக்கிறீங்க. அந்த முகத்தைப் பாத்து நான் எப்படிக்கா சொல்லுவேன்?"

பத்மாவதி சுவரில் சாய்ந்து நின்றாள். அவமானமாக இருந்தது. ஆனால் அவமானப்பட அது நேரமில்லை.

பெருநாள் விடுமுறை முடிந்ததும், திறந்திருந்த முதல் கிளினிக்குக்கு இருவரும் போனார்கள். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என்ன வேலை என்று கேட்டுக்கொண்டார். பத்மாவதி தன் சவர்க்காரத் துண்டை ஒரு துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தாள். குற்றவாளிபோல அதை மேசையில் வைத்து, "இதனாலயா டாக்டர்?" என்று கேட்டாள்.

அவர் அதை முகர்ந்து பார்த்தார். "இது நல்லாத்தான் இருக்கு. ஆனா ஷிஃப்டு முழுக்க அந்த மருந்துத் தொட்டியில கையை விட்டுட்டு, வீட்டுக்கு வந்து எந்தச் சவர்க்காரம் போட்டு என்ன பிரயோஜனம்? அந்த வேலையை விட்டு மாறணும். இல்லேன்னா ஆறாது," என்றார். களிம்பு கொடுத்தார். வேலை மாற்றச் சொல்லி ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நோர்மா அந்தச் சீட்டைக் கைப்பைக்குள் ஆழமாகச் செருகினாள்.

"நாளைக்குக் குடுத்திடு," என்றாள் பத்மாவதி.

"குடுக்க மாட்டேன்கா. இன்னும் ஆள் குறைக்கப் போறதாப் பேச்சு. இதைக் குடுத்தா, வேலைக்கு லாயக்கில்லாதவன்னு முதல் பேரே என் பேருதான். இஸ்மாயிலோட மாமா கடையில எத்தனை நாளைக்குத்தான் கையை ஏந்தி நிக்கிறது?"

அவள் பயத்தில் ஒரு தப்பும் இல்லை. பெயர் வாசிக்கும்போது எப்படி இருக்கும் என்று பத்மாவதிக்குத் தெரியும். பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். பஸ் வருவதற்குள் பத்மாவதிக்கு ஒன்று பிடிபட்டது. நோர்மாவை அவர்கள் வேலையிலிருந்து அனுப்பலாம். தன்னை என்ன செய்ய முடியும்?

"சீட்டை எங்கிட்டக் குடு," என்றாள்.

மறுநாள் மதியம், தொழிற்சாலை வாசலில், சாப்பாட்டு வேளைக்கு முன்பே போய் நின்றாள். காவலாளிக்கு அவளைத் தெரியும். உள்ளே விடவில்லை, துரத்தவும் இல்லை. சூப்பர்வைசர் தங்கராஜு எதிர்க்கடைக்குச் சாப்பிட வெளியே வந்தான். பத்மாவதியின் கீழ் வேலை பழகி, பிறகு மேலே போனவன். அவளைக் கண்டதும் முகம் மாறியது.

"அக்கா, வேலை விஷயம்னா இப்ப ஒண்ணும்..."

"எனக்கு வேலை கேக்க வரல தம்பி. இதைப் படிங்க."

அவன் படித்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். "நோர்மாவே குடுத்திருக்கலாமே?"

"அவ பயப்படுறா. பேர் எழுதிடுவீங்கன்னு. நான் பயப்பட என்ன இருக்கு? எனக்குத்தான் வேலையே இல்லையே. உங்க ஆபீஸுக்கு வந்து மேசை முன்னால நிக்கவும் என்னால முடியும். யூனியன் இல்லேன்னா லேபர் ஆபீஸ் இருக்கு, அங்க போகவும் முடியும்." அவன் கையிலிருந்த சீட்டைச் சுட்டிக்காட்டினாள். "அந்தப் பிள்ளை பெருநாளன்னைக்குக் கரண்டியில சோறு தின்னுச்சு தம்பி. உங்க வீட்டுப் பொம்பளைக்கு இப்படின்னா, நீங்க சீட்டைப் பாத்துக்கிட்டு நிப்பீங்களா?"

தங்கராஜு அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். "எனக்கும் மேல ஆள் இருக்காங்கக்கா," என்றான் தாழ்ந்த குரலில். "கையுறை கேட்டு மூணு தடவை எழுதினேன். நல்ல கையுறை விலை அதிகம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இருங்க... பேக்கிங்ல ஒரு பிள்ளை பிரசவ லீவுல போகுது. நான் பாக்குறேன்."

"பாக்குறேன்னா?"

"மாத்துறேன்கா. அவ பேரு எந்த லிஸ்டுலயும் வராம பாத்துக்கிறேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

அவ்வளவே போதும் என்று பத்மாவதிக்குத் தோன்றவில்லை. அந்தத் தொட்டியில் வேறு யாரோ ஒருத்தி கையை விடத்தான் போகிறாள். அதையும் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்கு அவளால் கொண்டுவர முடிந்தது நோர்மாவின் இடமாற்றம் மட்டும்தான். கையுறை கொஞ்ச காலம் கழித்து வந்தது. தங்கராஜு மறுபடி எழுதியதாலா, வேறு காரணமா, யாருக்கும் தெரியாது.

பேக்கிங்கில் அட்டைப் பெட்டிகளும் ஒட்டுநாடாவும்தான். மருந்து வாடையே கிடையாது. நோர்மாவின் கை உடனே ஆறிவிடவில்லை. களிம்பு, பொறுமை, மறுபடி வெடிப்பு, மறுபடி களிம்பு என்று பல வாரம் இழுத்தது. பத்மாவதி இப்போது கேள்வியைக் குரலால் கேட்பதில்லை. மாலையில் வந்து கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போவாள். ஒருநாள் நோர்மாவே கதவைத் தட்டினாள். குளித்த ஈரத்தோடு நின்றாள்.

"அக்கா, இன்னைக்கு எரியல."

"மறுபடியும் பொய்யா?"

"பள்ளிவாசல் பக்கம் பாத்துச் சத்தியமா சொல்றேன், எரியல," என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். தோல் இன்னும் சொரசொரப்பாகத்தான் இருந்தது. ஆனால் சிவப்பு இல்லை. வெடிப்பு இல்லை. பத்மாவதி அந்தக் கைகளை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

மறு வருடம் ஆர்டர்கள் திரும்பின. தொழிற்சாலையில் ஆள் எடுக்கத் தொடங்கியபோது, தங்கராஜு நோர்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தான். பத்மாவதி இரண்டு நாள் யோசித்தாள். போய், எந்த இடம், என்ன வேலை, கையால் எதைத் தொடவேண்டும் என்றெல்லாம் கேட்டாள். பழைய வரிசையே கிடைத்தது. கண்ணுக்கு இப்போது கண்ணாடி தேவைப்பட்டது. போட்டுக்கொண்டு போனாள்.

"சவுக்காரத்தை என்ன செய்யப் போறே? கேட்டு வர்றவங்களுக்கு என்ன சொல்றது?" என்று அப்புத்துரை கேட்டார். கேட்டவரின் குரலில் லேசான ஏக்கம் இருந்தது. தராசை அவர் வாரம் தவறாமல் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை இருக்கே," என்றாள் பத்மாவதி.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்த வீட்டு நடைபாதையில் மூவரும் உட்கார்ந்திருப்பார்கள். அப்புத்துரை நிறுப்பார், பத்மாவதி கிண்டுவாள், முந்தைய வாரத்துக் கட்டியை நோர்மா வெட்டுவாள். என்ன வாசனை சேர்ப்பது என்பதில் மட்டும் மூவருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

"சந்தனம்," என்றார் அப்புத்துரை.

"பண்டான் இலைதான் அண்ணே. வாசனை வீடு முழுக்க நிக்கும்," என்றாள் நோர்மா.

"பண்டான் போட்டா பலகார வாசனை வரும், குளிச்சுட்டு வர்றப்ப எல்லாம் எனக்குப் பசிக்கும்," என்றார் அப்புத்துரை.

"அப்ப ரெண்டு பெட்டியா ஊத்துவோம்," என்றாள் பத்மாவதி, கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. இப்ப கெட்டியாகப் போகுது."